பத்துக்கு ஓர் ஆள் குறைவு

இன்று காலை பக்கத்து வீட்டுப் பாலக்காட்டு மாமி வெல்ல அவல் கிளறிக்கொண்டிருந்தார். தேங்காய்த் துருவலும் ஏலக்காயும் சேர்ந்த வாசனை எங்கள் மும்பை செம்பூர் கட்டடத்தின் வராந்தா முழுக்கப் பரவிவிட்டது. வேலைக்குக் கிளம்பி வீட்டைப் பூட்டிக்கொண்டிருந்தவன் பூட்டைப் பிடித்தபடி நின்றுவிட்டேன். உன் வீட்டில் எலியா தீர்க்கதரிசியின் பெயரைச் சொல்லி, பெரிய தட்டில் இதே போல் இனிப்பு அவலைக் குவித்து மேலே பழங்களை அடுக்கி வைப்பீர்கள். மறுநாள் ஒரு டப்பா எனக்கு வரும். "என்ன இப்படி நிக்கறேள், உடம்புக்கு முடியலையா?" என்று மாமி கேட்டார். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கினேன்.

உனக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. சயான் கோலிவாடாவில் எங்கள் ஆட்களோடு கிரிக்கெட் ஆடிக் கற்றுக்கொண்ட தமிழ் அது. ஆகவே இந்த மடலை உன்னால் படிக்க முடியாது என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். நீ இருந்த காலத்திலும் நான் எழுதிய சர்வீஸ் ரிப்போர்ட் எதையும் நீ படித்ததில்லை. கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுவாய்.

நம்மை ஜோடி சேர்த்தது கடவுளா சூப்பர்வைசரா என்று எனக்கு இன்றும் சந்தேகம். லிப்ட் பழுது பார்க்கும் கம்பெனிக்கு வாரம் ஏழு நாளும் ஆள் வேண்டும். நீ யூதன், சனிக்கிழமை கருவியைத் தொட மாட்டாய். நான் தாராவிக் கிறிஸ்தவன், ஞாயிறு ஆராதனைக்குப் போகாவிட்டால் அம்மா சோறு போட மாட்டாள். உன் சனியை நான் பார்த்தேன், என் ஞாயிறை நீ பார்த்தாய். மற்ற ஐந்து நாளும் ஒரே ஸ்கூட்டர், ஒரே டூல் பை. இருபது வருஷத்துக்கு மேல் இப்படியே ஓடிற்று. சனிக்கிழமை லிப்ட் பட்டனை அழுத்துவதுகூட உனக்கு ஆகாது. நீயே கிரீஸ் போட்டு ஓடவைத்த லிப்ட் காலியாக நிற்க, பக்கத்துப் படியில் மூச்சு வாங்க ஐந்து மாடி ஏறுவாய். வாட்ச்மேன்கள் உன்னைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

உன்னைச் சந்திக்கும்வரை இஸ்ரவேலர் என்றால் எனக்குப் பைபிளில் இருப்பவர்கள். தாடியும் கோலுமாகப் பாலைவனத்தில் நடப்பவர்கள். வீட்டில் மராத்தி பேசி, வடாபாவுக்கு ஒரு மிளகாய் கூடுதலாகக் கேட்டு வாங்கும் இஸ்ரவேலனை நான் எதிர்பார்க்கவில்லை. உன் முன்னோர்கள் கொங்கண் கரையில் செக்காட்டினார்கள் என்றும், சனிக்கிழமை செக்கை நிறுத்தியதால் ஊரார் அவர்களைச் சனிக்கிழமை எண்ணெய்க்காரர்கள் என்று கூப்பிட்டார்கள் என்றும் நீ சொன்னபோது எனக்கு வியப்புத் தாங்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் முதலில் அம்மாவிடம்தான் சொன்னேன்.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு உன்னைத் தாராவி வீட்டுக்குக் கூட்டிவந்தது ஞாபகம் இருக்கிறதா? நீ கறி தின்னமாட்டாய் என்று தெரிந்து அம்மா செதில் உள்ள மீனாகத் தேடி வாங்கிக் குழம்பு வைத்திருந்தாள். "வேதத்துல செதில் இருக்கணும்னு போட்டிருக்குலா" என்று மீன்காரியிடமே வாதாடியிருக்கிறாள். உள்ளே வந்தவள் உன்னைப் பார்த்ததும் என்மீது பாய்ந்தாள்.

"ஏலே, ஆபிரகாம் வம்சத்து ஆளை ஸ்டூல்லயா உக்கார வச்சிருக்க? உனக்கு அறிவு இருக்கா?"

நீ எழுந்து நிற்க, அவள் சேரை இழுத்துப் போட்டாள். "தம்பி, எங்க ஜெபத்த விட உங்க ஜெபம் ஆண்டவரு காதுல வெரசா விழும்லா? இவனுக்கு ஒரு நல்ல வீடு அமையணும்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க."

"அம்மா, எங்க ஆளுங்க எத்தனை தலைமுறையா கேக்குறோம், மாலூமா? இன்னும் லைன்லதான் நிக்கிறோம்" என்றாய்.

அவள் விடவில்லை. உன் கையைப் பிடித்து என் தலையில் வைத்தாள். வெட்கத்தில் உன் காது சிவந்தது. எபிரேயத்தில் நாலு வார்த்தை முணுமுணுத்தாய். இரண்டு வருஷம் கழித்துச் செம்பூரில் இந்த வீடு அமைந்தது. கடைசிவரை அம்மா அதை உன் கணக்கில்தான் வைத்திருந்தாள், என் உழைப்பைப் பற்றி மூச்சு விடவில்லை.

ஆனால் எனக்குக் கேள்வி போகவில்லை. எங்கள் சர்ச்சில் நாங்கள்தான் தெரிந்துகொள்ளப்பட்ட ஜனம் என்று சொல்லிச் சொல்லி வளர்த்திருந்தார்கள். வாக்குத்தத்தம் உங்களிடமிருந்து எங்களுக்கு வந்துவிட்டது என்று பாஸ்டர் பிரசங்கிப்பார். ஒருநாள் மாதுங்காவில் ஒரு பழைய கட்டடத்தின் மொட்டை மாடி மெஷின் ரூமில், மோட்டார் பக்கத்தில் டிபன் டப்பாவைத் திறந்துவைத்துக்கொண்டு இதை உன்னிடம் சொன்னேன்.

"டிரான்ஸ்பர் ஆர்டர் எங்களுக்கு வரவே இல்லையே, பாய்" என்று சொல்லிவிட்டுச் சப்பாத்தியைப் பிய்த்தாய்.

"விளையாடாதே. உலகத்தில இத்தனை ஜனம் இருக்கு. உங்களை மட்டும் ஏன் பிடிச்சார்?"

"எனக்கு என்ன மாலூம்? அவனைக் கேளு." கொஞ்ச நேரம் மென்றாய். "நீ என்ன நினைக்கிறே? ஃபர்ஸ்ட் கிளாஸ் பாஸ் மாதிரின்னு நினைக்கிறே. அப்படி இல்லை, ரே. டியூட்டி லிஸ்ட்ல பேர் போட்டாச்சு. ஏன் போட்டேன்னு சொல்லலை."

அப்போதுதான் உன் போன் அடித்தது. தானேயில் யாரோ இறந்துவிட்டார், பிரார்த்தனைக்கு ஓர் ஆள் குறைகிறது. செத்தவருக்காகச் சொல்லும் அந்தப் பிரார்த்தனைக்கு உங்கள் ஆண்கள் பத்துப் பேர் வேண்டும், ஒன்பது பேர் இருந்தால் வாயைத் திறக்க முடியாது. உங்கள் ஆட்களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குப் போய்விட்டதால் பம்பாயில் பத்தைச் சேர்ப்பதே பெரும்பாடு. டப்பாவைப் பாதியில் மூடிவிட்டு நீ கிளம்பினாய். உனக்கு வந்த பிரேக்டவுன் அழைப்புகளையும் சேர்த்து நான் பார்த்தேன். மாதத்தில் இரண்டு மூன்று தடவை இப்படி நடக்கும். கடவுள் தேர்ந்தெடுத்த ஜனத்தில் பத்துப் பேர் தேறவில்லையே என்று உன்னைக் கிண்டல் செய்திருக்கிறேன். நீ சிரித்ததில்லை. எனக்கு இப்போது அது உறைக்கிறது.

உன் நெஞ்சு நின்றுபோன காலையில் உன் மனைவி, நான் பாபி என்று கூப்பிடும் அண்ணி, முதலில் எனக்குத்தான் போன் செய்தார். மும்பையே மழையில் மிதந்த நாள் அது. மகன் இஸ்ரேலில் இருந்தான், அவனுக்காகக் காத்திருக்க வழியில்லை. அன்றைக்கே அடக்கம் செய்துவிடுவது உங்கள் வழக்கம். பாபி அழக்கூட இல்லை. உன் டெலிபோன் டைரியை என் கையில் கொடுத்து, "பாய், தஸ் ஆத்மி சாஹியே, பத்துப் பேர் வேணும். எத்தனை பேருக்கு இவர் ஓடினார். இவருக்கு ஆள் இல்லைன்னு ஆகக்கூடாது" என்றார்.

கூப்பிட்டேன். பைகுல்லா, தானே, முலுண்ட் என்று ஒவ்வொரு எண்ணாகக் கூப்பிட்டேன். பலர் ஊரைவிட்டே போயிருந்தார்கள், சிலர் உலகத்தைவிட்டே. நாலு மணிக்குக் கல்லறைத் தோட்டத்தில் நனைந்துகொண்டு நின்றவர்களை விரல் நீட்டி ஏக், தோ என்று எண்ண ஆரம்பித்தேன். பிரார்த்தனை நடத்தும் பெரியவர் என் விரலை மெதுவாகப் பிடித்து இறக்கிவிட்டார். ஆட்களை அப்படி எண்ணக்கூடாதாம். எண்ணாமலே எல்லோருக்கும் தெரிந்திருந்தது, ஒன்பது பேர். அம்பர்நாத்திலிருந்து ஃபாக்டரிக்கு லீவு போட்டுக் கிளம்பியவர் தண்டவாளத்தில் தண்ணீர் ஏறி ரயிலிலேயே மாட்டிக்கொண்டார்.

நான் அங்கேதான் நின்றேன். உன்னோடு இருபது வருஷம் உழைத்தவன், உன் கடவுளிடம் தினமும் பேசுகிறவன், சங்கீதங்களை மனப்பாடமாகச் சொல்கிறவன். ஒருவர் கண்ணும் என் பக்கம் திரும்பவில்லை. தப்புச் சொல்லவில்லை, திரும்பவேண்டிய அவசியம் அவர்களுக்கு இல்லை.

பாபிதான் தயங்கித் தயங்கிச் சொன்னார். மான்குர்த்தில் உன் சித்தப்பா மகன் இருக்கிறார், மிக்ஸி ரிப்பேர் கடை வைத்திருக்கிறார், சாமியே இல்லை என்று சொல்லி உன்னோடு சண்டை போட்டுப் பல வருஷம் பேசாமல் இருக்கிறார். வரமாட்டார் என்றார். நான் ஸ்கூட்டரை எடுத்தேன். இருட்டுவதற்குள் திரும்ப வேண்டும். சுன்னாபட்டிப் பக்கம் முழங்கால் தண்ணீரில் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனேன்.

அவர் கடையில் பனியனோடு உட்கார்ந்து மிக்ஸி மோட்டாரைப் பிரித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். ஸ்குரூடிரைவரைக் கீழே வைத்தார்.

"எனக்குப் பிரார்த்தனை தெரியாது. நம்பிக்கையும் கிடையாது. அவனுக்கே தெரியும்" என்றார் இந்தியில்.

"அதெல்லாம் எனக்குத் தெரியாது, பாய். ஓர் ஆள் குறையுது" என்றேன்.

என்னை ஏற இறங்கப் பார்த்தார். அப்புறம் சட்டையை மாட்டிக்கொண்டு ஷட்டரை இறக்கினார்.

கல்லறைத் தோட்டத்தில் யாரும் அவரிடம் நம்புகிறாயா என்று கேட்கவில்லை. பெரியவர் ஒரு தொப்பியைக் கொடுத்தார், அவ்வளவுதான். பிரார்த்தனை தொடங்கியது. உன் சித்தப்பா மகனுக்கு ஒரு வார்த்தையும் தெரியவில்லை, மற்றவர்கள் நிறுத்தும்போது ஆமென் மட்டும் சொன்னார். நான் பின்னால் நின்று அவர் தலைக்குக் குடை பிடித்தேன். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு வயிறு எரிந்தது. நம்பாதவன் சேர்த்தி, நான் சேர்த்தி இல்லையா? 'நீங்கள் நல்லவர்கள் என்றோ பெரிய கூட்டம் என்றோ நான் உங்களைத் தேர்ந்துகொள்ளவில்லை, நீங்கள்தான் எல்லோரிலும் கொஞ்சப் பேர்' என்று கடவுள் உங்களிடம் சொன்னதை எத்தனையோ பிரசங்கத்தில் கேட்டுத் தலையாட்டியிருக்கிறேன். தகுதி பார்க்காமல் கூப்பிடுவது எப்படி இருக்கும் என்று அன்றைக்குக் குடைக்கு வெளியே நின்று பார்த்தேன். நியாயம் என்று இப்போதும் எனக்குத் தோன்றவில்லை. ஆனால் பாபி அப்போதுதான் வாய்விட்டு அழுதார்.

மண் போடும்போது நான் ஒதுங்கி நின்றேன். "வா, மண் போட எல்லோரும் வரலாம்" என்று பெரியவர் கூப்பிட்டார். மூன்று தடவை போட்டேன்.

இதை உனக்கு யாராவது சொன்னார்களா தெரியாது. உன் சித்தப்பா மகன் அதற்கப்புறமும் நம்பவில்லை. ஆனால் ஆள் குறைகிறது என்று கூப்பிட்டால் போகிறார். பஸ்ஸில் போனால் நேரத்துக்குச் சேர முடியாது என்று எனக்குப் போன் செய்கிறார். "ஆ ரஹா ஹை க்யா?" வருகிறாயா என்று ஒரு கேள்வி, அவ்வளவுதான். நான் போகிறேன். தொகையில் சேராத எனக்கு இதில் என்ன வேலை என்று என் மனைவி கேட்கிறாள். எனக்கும் தெரியவில்லை. பத்துப் பேரைத் தேர்ந்தெடுத்தவர், பத்தாவது ஆளைக் கொண்டுவந்து இறக்குகிறவனுக்கு என்ன பெயர் வைத்திருக்கிறார் என்று உன்னிடம் கேட்கவேண்டும் போல் இருக்கிறது. அங்கே விசாரித்து வை.

போன வாரம் தானே போனோம். அவர் உள்ளே போனார், நான் இரண்டு ஹெல்மெட்டையும் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றேன். உள்ளே ஆமென் சொல்லும் சத்தம் வாசல்வரை வரும். அப்போது நானும் சொல்லிவிடுகிறேன். சத்தமாகத்தான் சொல்கிறேன். இதுவரை யாரும் வெளியே வந்து நீ சொல்லாதே என்று சொன்னதில்லை.