சம்பந்தி வருவதற்குள் டியூலிப் பூக்கணும்

11-10-97, சனி
சம்பந்தி சாந்தாமணி ஏப்ரல் பதினெட்டாம் தேதி இங்கே அமெரிக்காவுக்கு, பிஸ்கட்டவேக்கு வருகிறாளாம். ஆறு மாசம் இருப்பாளாம். மருமகள் வான்மதி தன் அம்மா வருவதைச் சொன்னதும் எனக்கு மகனின் கல்யாண மண்டபம்தான் ஞாபகம் வந்தது. எண்பத்தாறு, ஆவணி. சாந்தாமணி மாம்பழக் கலர் பட்டில், கையில் மூணாவது காபி. நாங்கள் கொண்டுபோன மாலையைத் தொட்டுப் பார்த்து, "வாடிப் போச்சுங்களே. உங்க பக்கம் பூவே பூக்காதுங்களா?" என்றாள். நூறு பேர் முன்னாடி. பதினோரு வருஷமாக இதற்குப் பதில் தேடிக்கொண்டிருக்கிறேன்.

இன்றைக்குக் கடையில் கிடைத்தது. டியூலிப் கிழங்கு. இப்போ நட்டால் ஏப்ரலில் பூக்குமாம். கறுப்புகூட இருக்கிறது — வாசலில் எவளாவது கறுப்புப் பூ வைப்பாளா? வான்மதி வெளிர் ரோஸ் எடுக்கலாம் என்றாள். நான் ரத்தச் சிவப்பு எடுத்தேன். கார் திரும்பும்போதே கண்ணில் படணும். நாற்பது. அவள் வாயிலிருந்து ஒரு தரம் 'நல்லா இருக்கு' என்று வரணும். அவ்வளவுதான்.

12-10
வெங்காயம் மாதிரி மேலாக நட்டேன். வான்மதி கிழங்குப் பையில் போட்டிருந்ததைப் படித்துவிட்டு, ஒரு சாண் ஆழம் போகணுமாம் அத்தை என்றாள். எட்டு ஏக்கர் வெங்காயம் பார்த்தவள் நான். பைக்கு என்ன தெரியும்? ஆனாலும் நாற்பதையும் தோண்டித் திரும்ப நட்டேன்.

15-10
அணில் மூன்றைத் தின்றுவிட்டது. இந்த ஊர் அணில் பூனை சைஸ். சாந்தாமணி மகளுக்குக் கொடுத்தனுப்பிய மிளகாய்ப்பொடி ஒரு டப்பா இருந்தது — என் குழம்பில் காரம் பத்தாதாம். மொத்தத்தையும் மண்மேல் தூவினேன். அணில் மூஞ்சியைத் தேய்த்துக்கொண்டு ஓடிற்று. அந்தம்மாவால் ஆன முதல் உபகாரம்.

14-1-98, பொங்கல்
மண் கல்லாக உறைந்து கிடக்கிறது. பாவமே என்று பழைய கம்பளியைப் பாத்திமேல் போர்த்தினேன். மகன் ஜெயபிரகாஷ் சிரித்துக்கொண்டே எடுத்துவிட்டான். குளிர் வாட்டினால்தான் பூக்குமாம். என்ன ஜென்மமோ.

22-3
முளை. எண்ணினேன். முப்பத்தேழு.

15-4
ஒன்று தவிர மொட்டெல்லாம் சிவப்பு காட்டுகிறது. இன்னும் மூணு நாள், அவசரப்படாதீங்க என்று பாத்தியிடம் சொன்னேன். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் ஒரு மாதிரி பார்த்தார். பார்க்கட்டும்.

18-4
எல்லாம் விரிந்தாச்சு. ஓரத்தில் ஒன்று மட்டும் இன்னும் பச்சை மொட்டு. பிளேன் லேட். வீடு வரும்போது இருட்டிவிட்டது, அவள் ஒன்றும் பார்க்கவில்லை. போகட்டும். காலையில் காபியைக் கையில் கொடுத்து வாசலைத் திறந்து விடுகிறேன்.

19-4
ஐயோ. தூக்கம் பிடிக்காம நாலு மணிக்கே எந்திரிச்சுக் குளிச்சிருக்கா. விடிஞ்சதும் ஊர்ல பண்ற மாதிரியே கூடையை எடுத்துக்கிட்டு சாமிக்குப் பூப் பறிக்கப் போயிட்டா. நான் இறங்கி வந்து பார்த்தா அலமாரியில பிள்ளையாரையே காணோம், அத்தனை பூ. முப்பத்தாறு. வெளியில வெறும் தண்டு நிக்குது.

"நாகரத்தினம் அக்கா, எத்தன பூ வெச்சிருக்கீங்க. வாசமில்லீன்னாலும் நல்லா இருக்குங்க."

சொல்லிட்டா. நான் கேக்க நெனச்ச அதே வார்த்தை. சாமிக்குப் போட்டதுக்குத் திட்ட முடியுமா? காபி கொடுத்தேன். சர்க்கரை போடல.

20-4
இன்றும் போடவில்லை.

23-4
வான்மதி எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள் போல. காலையில் பார்த்தால் சாந்தாமணி என் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, மிச்சமிருந்த மொட்டுப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறாள். கையில் குச்சி. அணிலை விரட்டவாம்.

கல்யாணத்தில் மாலை வாடினதாக நானா சொன்னேன், ஞாபகமே இல்லையே என்றாள். ஞாபகமில்லையாம்! மாம்பழக் கலர் பட்டு, அரக்குக் கரை என்று ஆரம்பித்தேன்.

"அந்தச் சேலை இரவலுங்க அக்கா. எங்கே கறை பட்டுருமோன்னு அன்னைக்குப் பூராவும் பயம். என்ன பேசினேன்னே தெரியல."

இரவல்! பதினோரு வருஷமாக இது தெரியாமல் போச்சே. காபி கொண்டுவந்து கொடுத்தேன். சர்க்கரை போட்டுத்தான்.

10-10-98
நாளைக்கு அவளுக்குப் பிளேன். காலையில் இரண்டு பேருமாகக் கிழங்கு நட்டோம். முன்பக்கம் நாற்பது, பார்க்க. பின்பக்கம் பத்து, பிள்ளையாருக்கு. மேலாகக் குழி எடுத்தாள். ஒரு சாண் போகணும், பையில் போட்டிருக்கு என்றேன்.

மிளகாய்ப்பொடி தீர்ந்துவிட்டது. ஊருக்குப் போனதும் அனுப்பி வைக்கிறேன் என்றாள். தபாலில் எதுக்கு, ஏப்ரலில் வரும்போது கையோடு கொண்டுவாங்க என்றேன்.

அணிலுக்குப் பொடி இப்போதுதான் வேணும், ஏப்ரலில் இல்லை. அது எனக்குத் தெரியாதா?