பெரிய வெள்ளியன்று ஒலித்த மணி

வொர்திங்
9 ஜூன் 1987

அன்புள்ள அண்ணிக்கு,

முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் நலம். அண்ணன் போன பிறகு நீங்கள் கிறிஸ்துமஸ் அட்டையோடு நிறுத்திக்கொண்டீர்கள். நானும் அதற்குமேல் எழுதவில்லை. இப்போது எழுதக் காரணம் இருக்கிறது.

எங்கள் கோயில் பழம்பொருள் விற்பனையில், ஓட்டை விழுந்த தேநீர்க் கெண்டிக்கு அடியில் அண்ணனுடைய துப்பறியும் நாவல்கள் நான்கும் கிடந்தன! எட்மண்ட் கார்சைடு என்ற பெயரைப் பார்த்ததும் அங்கேயே அழுதுவிட்டேன். முப்பதுகளில் வந்து மறந்துபோன துப்பறியும் கதைகளைத் தேடி மறுபதிப்பு செய்கிறது லண்டனில் ஒரு பதிப்பகம். அனுப்பினேன். 'வெள்ளிக்கிழமை விருந்தாளி'யை முதலில் போடுகிறார்களாம். ஒப்பந்தத்தில் மனைவி என்ற முறையில் நீங்கள் கையெழுத்திட வேண்டும்.

இன்னொன்று. பதிப்பாசிரியர் லம்லி அந்த நாவலில் ஒரு பிழையைக் கண்டுபிடித்திருக்கிறார். பெரிய வெள்ளியன்று பிற்பகல் கத்தோலிக்கக் கோயில் மணி கேட்டு ஜெபித்துக்கொண்டிருந்ததாக வீட்டு ஆசிரியை மிஸ் ஹேல் சொல்கிறாள் அல்லவா? உங்கள் கோயில்களில் அன்று மணியே அடிக்க மாட்டார்களாமே. "நம் ஆங்கிலிக்கன் சபையைச் சேர்ந்தவர், பாவம், தெரியாமல் எழுதிவிட்டார்" என்கிறார். மணியை எடுத்துவிட்டு, முன்னுரையிலும் அதைக் குறிப்பிடப் போகிறார்கள். கன்னியர் மடத்தில் படித்தவர் நீங்கள். சரிதான் என்று ஒரு வரி எழுதிவிடுங்கள்.

அன்புடன்,
மியூரியல்


பிரெஸ்டன்
12 ஜூன் 1987

மியூரியலுக்கு,

மணியைத் தொடாதே என்று அந்த லம்லியிடம் உடனே சொல்.

பெரிய வெள்ளியன்று மணி அடிப்பதில்லை என்பது மடத்தில் படித்த ஐந்து வயதுச் சிறுமிக்கும் தெரியும். வியாழனன்று ஓய்ந்த மணி உயிர்ப்பு விழாவுக்குத்தான் மறுபடி வாய் திறக்கும்; நடுவில் மரக்கட்டையைத் தட்டுவார்கள். மிஸ் ஹேல் தன்னை மடத்தில் வளர்ந்தவள் என்று சொல்லிக்கொண்டு அந்த வீட்டில் நுழைந்தவள். கேட்காத மணியைக் கேட்டேன் என்கிறாள். அவள்தான் கொலைகாரி. அது பிழையில்லை, மியூரியல். அதுதான் துப்பு. அதை எடுத்துவிட்டால் அந்த நாவல் முதுகெலும்பு இல்லாத மீன்.

கடைசி அத்தியாயத்தில் இன்ஸ்பெக்டர் இதை விளக்கும் பத்தி ஒன்று இருந்தது. கோயில் பேச்சு வாசகர்களுக்கு அலுக்கும் என்று பழைய பதிப்பாளர் வெட்டினார். அதனால்தான் "குருட்டு யூகத்தில் பிடிக்கிறார், வாசகருக்குத் துப்பே தரவில்லை, நியாயமான ஆட்டம் இல்லை" என்று விமர்சகர்கள் கேலி செய்தார்கள். புத்தகம் அதோடு மூழ்கியது.

எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாய். நான்குமே நான் எழுதியவை.

கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் என் பெயரில்.

ஃபிலோமினா கார்சைடு


வொர்திங்
18 ஜூன் 1987

அண்ணிக்கு,

செத்துப்போனவர் எழுந்து வந்து மறுக்க மாட்டார் என்ற தைரியமா? அண்ணன் டைப் அடித்ததை நான் இந்தக் கண்ணால் பார்த்தேன். ஞாயிறு தோறும் முன்னறையில் டக்டக்கென்று அடிப்பார். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து காலுறை பின்னிக்கொண்டிருப்பீர்கள். கிளப்பில் எல்லோரும் அவரை "எங்க எழுத்தாளரே, வாங்க" என்றுதான் கூப்பிடுவார்கள். அதையும் பிடுங்கிக்கொள்ள வேண்டுமா?

உங்கள் கடிதத்தைப் பற்றி லம்லியிடம் சொன்னேன். "அம்மா, அந்தக் குடும்பத்துல அப்போ கூட இருந்தவங்கள்ல, அவங்களைத் தவிர, இப்போ இருக்கிறது நீங்க ஒருத்தர்தான். நீங்க ஆமான்னு சொன்னா பேரை மாத்திடறோம். இல்லேன்னா பழைய பேருதான்" என்றார்.

நான் ஆமாம் சொல்லப் போவதில்லை.

மியூரியல்


பிரெஸ்டன்
22 ஜூன் 1987

மியூரியல்,

பியானோவைச் சுமந்து வந்தவன்தான் பாட்டை எழுதினான் என்பாயா? நான் பின்னிக்கொண்டே சொன்னேன். அவர் அடித்தார். வேகமாக, பிழையில்லாமல் அடித்தார். அதில் அவரை மிஞ்ச ஆளில்லை.

அப்போது மடத்துப் பள்ளியில் நான் ஆசிரியை. கொலைக்கதை எழுதுகிறவளை அருட்சகோதரிகள் ஒரு நாள்கூட வைத்திருக்க மாட்டார்கள். அதனால் அவர் பெயர். பிறகு வேலையை விட்டேன். ஆனால் கிளப்பிலிருந்து அவர் திரும்பி வரும் முகத்தைப் பார்த்தால் அந்தப் பெயரைக் கேட்டு வாங்க மனம் வரவில்லை. அது அவருக்கு நான் கொடுத்தது. உனக்குக் கொடுத்ததல்ல.

அவரை விவரம் தெரியாதவர் என்று உலகமே சிரிக்கும்படி லம்லியின் முன்னுரை வரப்போகிறது. அதைத்தான் உன் அண்ணனுக்குச் செய்யும் மரியாதை என்று நினைக்கிறாயா? புத்தகத்தைத் திரும்பப் படி. பிறகு உனக்கு எது உண்மையோ அதைச் சொல்.

ஃபிலோமினா


வொர்திங்
5 ஜூலை 1987

அன்புள்ள அண்ணிக்கு,

படித்தேன். உங்களைப் பொய்யாக்க வேண்டும் என்றுதான் படித்தேன்.

எங்கள் பாதிரியாரிடமும் அந்தப் பக்கத்தைக் காட்டினேன். "மணி அடிச்சா அடிச்சிட்டுப் போகுது, இதுல என்னம்மா இருக்கு?" என்றார். மாலையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தபோது சுரீரென்று ஞாபகம் வந்தது.

அந்த நாவல் வெளிவந்த மாதம். உங்கள் வீட்டில் ஞாயிறு விருந்து, ஆட்டிறைச்சி. ஹெர்பர்ட் மாமா கேட்டார்: "ஏன்டா எட்மண்ட், அவதான் கொலைகாரின்னு உன் இன்ஸ்பெக்டருக்கு எப்படிடா தெரிஞ்சுது? ஜோசியம் பார்த்தானா?"

அண்ணன் காது சிவந்துவிட்டது. "அதெல்லாம் சொல்லிட்டா புத்தகத்தை யாரு மாமா வாங்குவா?" என்று கிரேவிக் கிண்ணத்தை உங்கள் பக்கம் நகர்த்தினார்.

நீங்கள் தட்டிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. "பெரிய வெள்ளியில மணி அடிக்காது, மாமா" என்றீர்கள்.

எல்லோரும் சிரித்தோம். "மடத்துப் பொண்ணு ஆரம்பிச்சிட்டாடா!" என்றார் மாமா. நான்தான் அதிகமாகச் சிரித்தேன். இத்தனை ஆண்டுகள் கழித்து, சோப்பு நுரைக் கையோடு நின்றபோதுதான் உங்கள் பதில் புரிந்தது. கேள்வி அண்ணனுக்கு, பதில் தெரிந்தது உங்களுக்கு. தான் டைப் அடித்த பத்தியே மனதில் தங்காமல் அண்ணனும் அன்று உங்களைத் திகைத்துப் பார்த்தார், நான் கண்டேன்.

லம்லிக்குத் தொலைபேசியில் ஆமாம் என்று சொல்லிவிட்டேன். "நெஜமாவா?" என்றார். "தம்பி, துப்பு உன் மூக்குக்கு முன்னாடியே இருந்துது. அதைப் போய் பிழைன்னு அழிக்கப் பார்த்தியே!" என்றேன். எனக்கும் சேர்த்துத்தான் சொன்னேன்.

அண்ணனைப் பற்றி மட்டும் புத்தகத்தில் எங்காவது ஒரு வார்த்தை இருக்கட்டும், அண்ணி.

மியூரியல்


பிரெஸ்டன்
15 மார்ச் 1988

அன்புள்ள மியூரியல்,

உனக்கான பிரதி இதோடு வருகிறது. அட்டையில் ஃபிலோமினா கார்சைடு. எழுத்து சற்றுப் பெரிது. நான்தான் பெரிதாகப் போடச் சொன்னேன். வெட்டிய பத்தியை ஒரே அமர்வில் திரும்ப எழுதிக் கொடுத்தேன். லம்லி அதில் ஒரு காற்புள்ளியை மாற்றினார். மறுபடி பழைய இடத்துக்கு மாற்றினேன்.

சனிக்கிழமைப் பத்திரிகையைப் பார்த்தாயா? "அந்தக் காலத்திலேயே நேர்மையாக ஆடப்பட்ட ஆட்டம்; கண்ணை மூடிக்கொண்டிருந்தது நாம்தான்" என்று எழுதியிருக்கிறார்கள். தாமதம்தான், ஆனால் வாக்கியம் ஒழுங்காக இருக்கிறது. மற்ற மூன்றுக்கும் ஒப்பந்தம் வந்துவிட்டது.

நேற்று கடைவீதிப் புத்தகக் கடையில், கண்ணாடிக்குப் பின்னால் வரிசையாக அடுக்கியிருந்தார்கள். கடைக்காரப் பெண் ஓடிவந்து, "இதைப் படிங்க பாட்டி. எழுதினது நம்ம ஊர்க்காரங்களாம், தெரியுமா?" என்றாள்.

"கொஞ்சம் தெரியும்" என்றேன். வெளியே வந்து, குடையை விரிக்காமலே மழையில் வீடுவரை நடந்தேன்.

நீ கேட்டது முதல் பக்கத்தில் இருக்கிறது. "எட்மண்டுக்கு: பிழையின்றித் தட்டச்சு செய்ததற்கும், சரியான நேரத்தில் கிரேவியை என் பக்கம் நகர்த்தியதற்கும்."

பெரிய வியாழனன்றே வந்துவிடு. ஆட்டிறைச்சி ஞாயிறன்றுதான், அதுவரை மீனைச் சகித்துக்கொள். வெள்ளியன்று எந்த மணியும் உனக்குக் கேட்காது. உயிர்ப்பு ஞாயிறு காலையில் என் சன்னலுக்கு நேரே எங்கள் கோயில் மணி அடிக்கும். அதைக் கேட்டுவிட்டுப் போ.

அன்புடன் உன் அண்ணி,
ஃபிலோமினா