கருப்பையாவின் சுக்கான் பெட்டி

1972 பிப்ரவரி 6, ஞாயிறு

நல்ல பனி. எட்டு மணிக்கும் எதிர்வீட்டு மாடி தெரியவில்லை. இருமல் விட்டபாடில்லை.

பெட்டி முக்கால்வாசி முடிந்தது. மிச்சம்:
பித்தளைத் திருகு, பன்னிரண்டு.
மோட்டார்.
மூடிக்கு ரப்பர் (பழைய சைக்கிள் டியூப் போதும்).
தங்கச்சி ராக்குவுக்குக் கடிதம்.

மோட்டார்தான் கவலை. சுக்கானை இழுக்கப் பலம் வேண்டும், பாட்டரியையும் குடித்துத் தீர்க்கக் கூடாது. யோசித்து யோசித்துக் கடைசியில் தெருக்கோடிப் பெரிய வீட்டு ஆச்சியிடம் போனேன். கொட்டகையில் பழைய கார், சக்கரம் கழன்று செங்கல் மேல் நிற்கிறது. கண்ணாடி துடைக்கிற மோட்டாரைக் கேட்டேன். எதற்கு என்றார்கள். தொண்டியில் தங்கச்சி புருஷன் கருப்பையா தனியாளாகக் கடலுக்குப் போகணும், சுக்கானைத் தானே பிடித்துக்கொள்கிற மாதிரி ஒரு பெட்டி செய்கிறேன் என்றேன். ஆச்சி காரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"கழட்டிக்கிட்டுப் போங்க தம்பி. இனி அது யாரு மூஞ்சிக்கு முன்னால மழையத் தொடைக்கப் போகுது?"

பழைய கதவுகளின் பித்தளைத் திருகும் ஒரு டப்பா நிறையக் கிடைத்தது. பெட்டியில் இரும்பு ஒரு குண்டூசிகூட ஆகாது. காந்த ஊசி அதன் பக்கம் போய்விடும். மோட்டாரையும் ஆறடி தள்ளித்தான் வைக்க வேண்டும்.

7, திங்கள்

மோட்டாரில் எலிக்கூடு. துடைத்து எண்ணெய் விட்டு பாட்டரி கொடுத்ததும் உறுமிக்கொண்டு சுற்றியது. கிழட்டுச் சனியன், நல்ல ஜாதி. வயரை மாற்றிக் கட்டி இரண்டு பக்கமும் சுற்ற வைத்துவிட்டேன்.

மறந்துவிடும், எழுதி வைக்கிறேன். காந்த ஊசியோடு ஒட்டிய வட்டத் தகடு. அதில் ஒரு கீறல். மேலே சின்ன பல்பு, கீழே வெளிச்சம் பட்டால் வேலை செய்கிற இரண்டு கண்கள் (எங்கள் ஆய்வுக்கூட ஸ்டோரில் கழித்துப் போட்டவை, ஆபீசர் கையெழுத்தோடு எடுத்தது). வத்தை, அதாவது அவருடைய பாய்ப் படகு, நேராகப் போனால் வெளிச்சம் இரண்டுக்கும் நடுவில். இடது பக்கம் ஒதுங்கினால் ஒரு கண்ணில் படும், மோட்டார் கயிற்றை இழுக்கும், சுக்கான் திரும்பும். வலது பக்கம் ஒதுங்கினால் மற்றது. அவ்வளவுதான் சங்கதி. போக வேண்டிய திசைக்குப் பெட்டியைத் திருப்பி வைத்துவிட்டால் போதும். வெளிநாட்டுச் சஞ்சிகை ஒன்றில் படித்தது. அவர்கள் பொழுதுபோக்குக்குச் செய்கிறார்கள்.

8, செவ்வாய்

ராக்கு பக்கத்து வீட்டில் சொல்லி எழுதிய கடிதம். கருப்பையாவின் வலது கையில் வீக்கம் வற்றிவிட்டது, பிடி மட்டும் வரவில்லையாம். சோற்றைப் பிசைய இடது கை. ஐப்பசியில் வத்தைக்கும் துறைக் கல்லுக்கும் நடுவே நசுங்கிய கை. கூட வந்த ஆள் ஒரு மாதம் பார்த்துவிட்டு வேறு வத்தைக்குப் போய்விட்டான். அவனைக் குற்றம் சொல்ல முடியாது, அவனுக்கும் பிள்ளைகள் உண்டு. ஒரு கையை வைத்துக்கொண்டு சுக்கானையும் பிடித்து வலையையும் இழுக்க எந்த மனுஷனாலும் ஆகாது.

மாசிக்குள் தனியாகப் போக வழி பிறக்காவிட்டால் வத்தையை விற்றுவிடுவாராம். விற்றால் அந்த மனுஷன் கரையில் என்ன செய்வார்? நினைக்கவே பிடிக்கவில்லை.

12, சனி. தொண்டி

தேவகோட்டையில் பஸ் மாறினேன். பெட்டியை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். குழந்தையா என்று கண்டக்டர் கிண்டல்.

மதியத்துக்குள் சுக்கானுக்கு முன்னால் பலகையில் பொருத்தியாயிற்று. கருப்பையாவிடம் மூன்று தடவை சொன்னேன்: கத்தி, நங்கூரம், தகர டின் எதுவும் பெட்டியிலிருந்து ஆறடிக்குள் வரக் கூடாது. மூன்று தடவையும் தலையாட்டினார்.

ராக்கு வந்து எட்டிப் பார்த்து, இது என்ன செய்யும் என்று கேட்டாள். எனக்கு வயர் முடுக்கிற அவசரம். இதுதான் இனி உன் புருஷனுக்குக் காவல், போய்க் காப்பி போடு என்றேன். போய்விட்டாள்.

13, ஞாயிறு

வெள்ளோட்டம். முதலில் வத்தை பாம்பு மாதிரி நெளிந்து நெளிந்து போனது. துறையில் நின்றவர்கள் சிரித்தார்கள். எரிச்சல் வந்தது, அடக்கிக்கொண்டேன். இரண்டு கண்களுக்கும் நடுவில் கொஞ்சம் இடைவெளி விட்டதும் சரியாயிற்று. நேர்கோடு.

கருப்பையா சுக்கானிலிருந்து கையை எடுத்தார். எடுத்த கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை, மடியில் வைத்துக்கொண்டார்.

"சும்மா ஒக்காந்து கடலப் பாக்குறது இதான் மொதத் தடவ, மச்சான்."

நான் வயரை முடுக்குகிற மாதிரி குனிந்துகொண்டேன்.

ஒரு பயம். ஆள் விழுந்தால் பெட்டிக்குத் தெரியாது, அது பாட்டுக்குப் போகும். அதனால் பின்னால் நீளமாக ஒரு கயிறு மிதக்க விட்டேன். அதைப் பிடித்து இழுத்தால் பாட்டரி வயர் கழன்றுவிடும், வத்தை காற்றுக்கு முகம் திருப்பி நின்றுவிடும்.

திரும்பும்போது அவர் மேகத்தையும் காற்றையும் பார்த்துப் பார்த்துச் சுக்கானைத் தொடப் போனார். அதட்டினேன். "ஒங்க கண்ணு காதுக்கு மேல இதை நம்புங்க மாப்ள. இது தப்புப் பண்ணாது." இப்படித்தான் சொன்னேன், வார்த்தைக்கு வார்த்தை.

17, வியாழன். காரைக்குடி

ராக்குவிடமிருந்து தபால் கார்டு. மூன்று நாள் போய் வந்துவிட்டாராம், தனியாக. வத்தையை விற்கிற பேச்சே இல்லையாம். வெள்ளிக்கிழமை கருப்பர் கோயிலுக்குப் போகிறாளாம். ஆபீசில் இரண்டு தடவை எடுத்து வாசித்தேன். பக்கத்து மேஜைக்காரரிடமும் காட்டினேன். மெனக்கெட்டுக் காட்டினேன் என்றுதான் எழுத வேண்டும்.

ஆச்சியிடம் போய்ச் சொன்னேன். மோட்டார் ஓடுகிறதா என்று மட்டும் கேட்டார்கள்.

இருமல் தேவலை. செருப்பு வார் தைக்கக் கொடுக்கணும்.

21, திங்கள். தொண்டி

பகல் பன்னிரண்டுக்கு ஆய்வுக்கூட வாசலில் ராக்குவின் பக்கத்து வீட்டுக்காரர், பெயர் செய்யது. ஞாயிறு விடியலில் போன கருப்பையா திரும்பவில்லை.

லீவு எழுதிக் கொடுத்தேனா, நினைவில்லை. பஸ்ஸில் செய்யது மெதுவாகக் கேட்டார், பொட்டி பழுதாகியிருக்குமோ என்று. இல்லை என்றேன். எப்படி இல்லை என்று சொன்னேன்?

சாயங்காலம் வந்து சேர்ந்தோம். இரண்டு வத்தை தேடப் போயிருக்கிறது. கடல் குளம் மாதிரி கிடக்கிறது, காற்றே இல்லை. புயல் அடித்திருந்தால் புயலைத் திட்டலாம். ராக்கு அழவில்லை. எனக்குச் சோறு போட்டாள்.

22, செவ்வாய்

மூட்டம். கரையில் நின்றால் கடலும் வானமும் ஒரே சாம்பல். தேடப் போனவர்கள் வெறும் கையோடு வந்தார்கள்.

என் கணக்கெல்லாம் ஒன்றில்தான் முடிகிறது. ஆள் விழுந்திருப்பார், கயிறு எட்டியிருக்காது, பெட்டி வத்தையை நேராக ஓட்டிக்கொண்டு போயிருக்கும். நானே செய்து, நானே பொருத்தி, நானே நம்பச் சொன்ன பெட்டி.

மதியம் ராக்கு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். எனக்குத் தைரியம் சொல்ல வந்திருக்கிறாள், பாவி மகள்.

"அவுக வந்துருவாக அண்ணே. சனிக்கெழம சாயந்தரம் காவல் வச்சுத்தான் விட்டேன். கருப்பர் கோயில் பூசாரி மந்திரிச்சுக் குடுத்த அருவா முனை. மஞ்சத் துணியில சுத்தி, பொட்டிக்கு அடியிலயே செருகிட்டேன். நீங்கதான சொன்னீக, அதான் அவுகளுக்குக் காவல்னு. காவலுக்கும் ஒரு காவல் வேணுமில்ல?"

அரிவாள் முனை. பழைய, கனத்த இரும்பு. காந்த ஊசிக்கு நாலு விரல் கீழே.

அவள் முகத்தைப் பார்த்து யார் சொல்வது? எழுந்து கரைக்குப் போய்விட்டேன்.

அதே நாள், சாயங்காலம்

புருஷனிடம் மூன்று தடவை சொன்னேன். அவளிடம் ஒரு தடவை சொன்னேனா? பெட்டி என்ன செய்யும் என்று கேட்கத்தான் வந்தாள். காப்பி போடப் போகச் சொன்னேன். பன்னிரண்டு பித்தளைத் திருகுக்கு ஆச்சி வீடு வரை போனவன், கூடப்பிறந்தவளிடம் ஒரு வாக்கியம் பேச நேரமில்லாதவன். அவளுக்குப் படிப்பில்லை, புரியாது என்ற திமிர்தான். வேறொன்றுமில்லை.

கருப்பரே, ஆளைக் கொடுத்துவிடும்.

23, புதன்

வந்துவிட்டார்.

காலை பத்து மணி பஸ்ஸில். உதடெல்லாம் வெடித்து, கண் உள்ளே போய், யாரோ கொடுத்த சட்டையோடு. ராக்கு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். அப்போதுதான் அழுதாள். நானும்தான். வெட்கமில்லை.

கருப்பர்தான் காப்பாத்துனாரு, அந்தக் காவல்தான் கொண்டாந்து சேத்துச்சு என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். கருப்பையா ஆமாம் ஆமாம் என்கிறார்.

நடந்தது: போகும்போது கரையைப் பார்த்துப் பெட்டியை வைத்தார், அதனால் தப்புத் தெரியவில்லை. திரும்பும்போது மூட்டம், கரை இல்லை, சூரியன் இல்லை. பெட்டியை எதிர்த் திசைக்குத் திருப்பிவிட்டு வலையைச் சுருட்டினார். வத்தை தொண்டிக்கு வராமல் தெற்கே நடுக்கடலிலேயே ஓடியிருக்கிறது. பொழுது சாயக் காற்று விழுந்துவிட்டது. திங்கள் முழுக்க நீரோட்டம் இழுத்த இழுப்பு, குடிக்கத் தண்ணீர் இல்லை. செவ்வாய் காலை தேவிபட்டினத்துக்குத் தெற்கே மணல் திட்டில் தட்டியது.

கஞ்சி குடித்துப் படுத்தவர், அவள் தண்ணீர் எடுக்கப் போனதும் என்னைக் கூப்பிட்டார்.

"காத்து வலது காதுல அடிக்கணும், மச்சான். பெடரில அடிச்சுச்சு. தப்பாப் போறோம்னு ஒடம்புக்குத் தெரிஞ்சுச்சு. நீங்கதான் ஒங்க கண்ணு காதுக்கு மேல பொட்டிய நம்புங்கன்னு சொன்னீக. நம்பிட்டேன்."

மடியிலிருந்து எதையோ எடுத்து என் கையில் வைத்தார். மஞ்சள் துணிப் பொட்டலம். திட்டில் கிடக்கும்போது பெட்டியைக் கழற்றிப் பார்த்திருக்கிறார். கடலில் போடவில்லை, சாமி இரும்பு.

"அவளுக்குத் தெரிய வேணாம். தெரிஞ்சா செத்துருவா."

24, வியாழன்

பொட்டலம் என் பையில். என்ன கனம்.

செய்யதும் இன்னும் இருவரும் வத்தையைக் கொண்டுவர தேவிபட்டினம் போயிருக்கிறார்கள். கருப்பையாவுக்குக் காய்ச்சல் இல்லை. ஆபீசுக்குத் தந்தி.

26, சனி

வத்தை வந்துவிட்டது. பெட்டிக்குள் தண்ணீர் இறங்கவில்லை. சைக்கிள் டியூப் நன்றாகத்தான் வேலை செய்திருக்கிறது. ஒரு துளி சந்தோஷம்கூட இல்லை.

அவர் மறுபடி போவார். பெட்டியை எடுத்துவிடுகிறேன் என்றேன், வேண்டாம் என்றார். பெட்டியும் இருக்கட்டும், காதும் இருக்கட்டும் என்கிறார். நான் சொல்லியிருக்க வேண்டியதை அவர் சொல்கிறார்.

வெள்ளிக்கிழமை வந்தால் ராக்கு இன்னொரு காவல் வாங்கி வருவாள். முன்னதைவிடப் பெரிதாக. நிச்சயம். சொன்னால் உடைந்துபோவாள். சொல்லாவிட்டால் நான் காப்பி போடச் சொல்லி அனுப்பியது இன்னும் முடியவில்லை என்று அர்த்தம்.

27, ஞாயிறு

வெயில். வாடைக் காற்று.

கருப்பையா சவரத்துக்குப் போன நேரம், அவளை வத்தைக்குக் கூட்டிப்போனேன். மூடியைத் திறந்து ஊசியைக் காட்டினேன். இது எப்போதும் வடக்கே பார்க்கும், இதை வைத்துத்தான் வத்தைக்கு வழி தெரியும் என்றேன். நன்றாகப் புரிந்துகொண்டாள். பொட்டலத்தை எடுத்துப் பெட்டிக்குக் கீழே கொண்டுபோனேன். ஊசி வடக்கை விட்டுவிட்டு இரும்பின் பக்கம் திரும்பிற்று.

குனிந்து ஊசியைக் கிட்டத்தில் பார்த்தாள்.

"அவுகளுக்குத் தெரியுமா?"

தெரியும் என்றேன். அன்றைக்கு நீ கேட்க வந்தாய், நான் சொல்லாமல் விரட்டினேன், தப்பு என்னுடையது என்றேன். இல்லை என்று அவள் சொல்லவில்லை.

பிறகு பொட்டலத்தை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். ஊசியையே பார்க்கச் சொன்னாள். ஒரு எட்டுப் பின்னால் வைத்து, "இப்ப?" என்றாள். ஆடுகிறது என்றேன். இன்னொரு எட்டு. "இப்ப?" கொஞ்சம். வலையைத் தாண்டி, பலகையைத் தாண்டி, "இப்ப?" "இப்ப?" என்று கேட்டுக்கொண்டே போனாள். குரல் உடைந்திருந்தது, கேட்பதை நிறுத்தவில்லை. பாய்மரத்தையும் தாண்டி முன்பக்கத்துக்குப் போனபோது ஊசி நின்றுவிட்டது.

நின்னுருச்சு என்றேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, குனிந்து பொட்டலத்தை அங்கேயே கட்டினாள். முடிச்சுப் போட்டுவிட்டு, மறுபடி ஒரு தடவை கேட்டாள்.