மெக்கானிக் பெரியவர் சொன்ன வசனம்

வாயாடி மகளுக்கு அப்பா சொல்லி எழுதுவது. இங்கே நான் சுகம், முழங்கால் மட்டும் என்னைவிடப் பத்து வயது மூத்தது மாதிரி நடந்துகொள்கிறது. நீ வேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி எழுந்து நன்றாக இருந்தால் எனக்கு அதுவே போதும். கீழ்வீட்டு மருந்துக்கடைக்காரம்மாதான் எழுதுகிறார், மெதுவா சொல்லுங்கண்ணே, என் கை என்ன மெஷினா என்று அதட்டுகிறார். பஸ் டிப்போவில் நான் பார்த்த வேலையை இப்போது உன் அண்ணன் பார்க்கிறான், வண்டி கழுவுகிறவர்களிடம் என்னைவிட அதிகமாகக் கத்துகிறானாம்.

போன மாதம் போனில் நீ கேட்டதற்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கடிதம். சின்ன வயதில் நீ உயிரை விட்டுப் பார்த்த அந்த ஜப்பான் விண்வெளிப் பொம்மைப் படத்தை, அனிமேன்னு சொல்லுங்கப்பா என்று திருத்துவாய், இப்போது நிஜ மனிதர்களை நடிக்க வைத்து நீயே எடுக்கிறாய். மகளைக் கப்பலேற்றிவிட்டு மெக்கானிக் பெரியவர் நிலாவில் தனியாக நிற்கும் கடைசிக் காட்சி மட்டும் சரியாக வரவில்லை, தயாரிப்பாளர் அவர் கதறி அழவேண்டும் என்கிறார், ஒரு சொல் மாறினாலும் ரசிகர்கள் சண்டைக்கு வருவார்கள், உங்களுக்கு அந்தக் காட்சி எப்படிப்பா ஞாபகம் என்று கேட்டாய். போயிட்டு சீக்கிரம் வாம்மா, அப்பா இங்கயே இருப்பேன், அதானே சொல்வார் என்றேன். அப்படி ஒரு வசனமே இல்லப்பா என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாய்.

எனக்கு மனசு ஆறவில்லை. நேற்று மருந்துக்கடைக்காரம்மா அந்தப் படத்துக்குத் தமிழ்க் குரல் போட்டதைத் தேடி எடுத்து ஓடவிட்டார். போ, திரும்பிப் பாக்காத, என்னத் தேடி வராத என்கிறார் பெரியவர். படிக்கத் தெரியாத எனக்கு அந்தக் காலத்தில் படத்தின் கீழே ஓடும் எழுத்தையெல்லாம் ஆளுக்கொரு குரலில் நீதானே படித்துக் காட்டினாய். அந்தக் காட்சியை நாம் பார்த்தது உன் அம்மா இறந்துபோன மறுவாரம். உனக்கு ஒன்பது வயது. உள்ளதைப் படிக்க வாய் வராமல் நீயாக ஒன்று சொல்லியிருக்கிறாய். நானும் அதை நம்பி, ஏழு வருஷம் முன்னே நீ விமானம் ஏறிய அன்று, உனக்குப் பிடிக்குமே என்று அதையே பெரியவர் குரலில் சொல்லிக் காட்டினேன். நீ ஏன் அப்படி விம்மினாய் என்பது நேற்றுத்தான் விளங்கியது.

படத்தில் உள்ளதை மாற்றாதே, அவரை அழவும் விடாதே. வாய் போ என்கிறது, கை கப்பலின் கைப்பிடியை விடவில்லை. கப்பல் அசைந்த பிறகுதான் விரல் ஒவ்வொன்றாகப் பிரியும், சுண்டுவிரல் கடைசி. எழுத்தைப் பார்க்காதவன் என்பதால் நான் கையைப் பார்த்தேன். நடிகர் வசனத்தை வேகமாகச் சொல்லட்டும், நிதானித்தால் மனசு மாறிவிடும். அவர் பெரிய மனுஷர், வராதே என்று சொல்லிவிட்டார். எனக்கு அந்தத் தைரியம் கிடையாது, படம் முடிந்ததும் நீ வரவேண்டும்.

எடுத்த காரியம் கைகூடி, நோய்நொடி அண்டாமல் நன்றாக இரு. ஒன்று மறக்காதே, தமிழ்க் குரல் போட்டது வேண்டாம், எழுத்து ஓடுகிறதைக் கொண்டு வா. பக்கத்தில் உட்கார்ந்து நீ படி. இந்த முறை உள்ளதை உள்ளபடியே படி, அப்பா தாங்கிக்கொள்வேன்.

இப்படிக்கு,
உன் அப்பா