விரல் விழுந்த படங்கள்

சின்ன வயதில் என்னை இடுப்பில் சுமந்தவளே, சுமக்கும்போதே முதுகில் நாலு போட்டவளே, என் அக்கா,

நலமா என்று கேட்க முடியாது. நாங்கள் நலம் என்று எழுதினால் அது பொய். இருக்கிறோம். மச்சான் சுருளிப்பட்டித் திராட்சைத் தோட்டத்துக்குப் போகிறார், வருகிறார். உன் மகள் யாழினி பள்ளிக்கூடம் போகிறாள், வருகிறாள். நான் அல்லிநகரத்தில் பைக் பட்டறையைத் திறக்கிறேன், பூட்டுகிறேன். நீ சித்திரையில் போனாய். இப்போது புரட்டாசி. நடுவில் போன மாதங்களில் என்ன செய்தாய் என்று யாராவது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

அழுதாயாடா என்று கேட்பாய். இல்லை அக்கா. ஒரு வாரக் காய்ச்சலில் நீ போன அன்று பந்தல்காரருக்கு வழி சொன்னேன், ஐஸ் பெட்டிக்குக் கரண்ட் இழுத்துக் கொடுத்தேன், வந்தவர்களுக்கு நாற்காலி போட்டேன். "கல்லு மாதிரி நிக்கிறான் பாரு" என்று பெரியம்மா சொன்னது காதில் விழுந்தது. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னம் இருக்குமே, தொட்டாலும் தெரியாமல், அப்படித்தான் இன்றைக்கும் இருக்கிறேன்.

அது கிடக்கட்டும். நான் எழுத உட்கார்ந்தது படம் ஒட்டுகிற புத்தகத்துக்குச் சாமான் வாங்கிய கதையைச் சொல்ல. ஸ்கிராப் புக் என்கிறார்கள். சிரிக்காதே. ஸ்பேனர் பிடித்த கைதான், என்ன செய்ய?

போன மாதம் உன் வீட்டுக்குப் போயிருந்தேன். யாழினி தரையில் குப்புறப் படுத்து உன் படத்தை வரைந்துகொண்டிருந்தாள். கண் வரைந்தாள், பொட்டு வைத்தாள், மூக்குக்கு வந்ததும் பென்சில் நின்றுவிட்டது.

"மாமா, அம்மாவுக்கு மூக்குத்தி எந்தப் பக்கம்?"

பிறந்ததிலிருந்து பார்த்த முகம் அக்கா, எனக்குத் தெரியவில்லை. உன் போனை எடுத்துப் பார்த்தால் ஒரு படத்தில் இடது பக்கம், இன்னொன்றில் வலது பக்கம். செல்ஃபி எடுத்தால் சில போனில் பக்கம் மாறி விழும் என்பது பிறகுதான் தெரிந்தது. அந்த நேரம் பார்த்து மச்சான் மருந்து அடித்துவிட்டுக் கால் கழுவிக்கொண்டு உள்ளே வந்தார்.

"சோத்துக்கைப் பக்கம்" என்றார். எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அவள் வரைந்து முடித்துவிட்டாள். எனக்குத்தான் அதோடு முடியவில்லை. ஏழு வயதுப் பிள்ளை. இத்தனை சீக்கிரம் மூக்குத்தி போய்விட்டது. அடுத்த வருடம் எது போகும்? குரலா, நடையா? பெரிய பிள்ளை ஆகும்போது மாலை போட்டுச் சுவரில் மாட்டிய அந்த ஒரு படம் மட்டும்தான் அவளுக்கு அம்மாவாக இருக்குமோ? அந்தப் படத்தில் ஸ்டூடியோக்காரர் உன்னை வெள்ளையாக்கி, நீ கட்டவே கட்டாத பட்டுச் சேலையை வேறு உடுத்திவிட்டிருக்கிறார். யாழினி அதன் பக்கம் போவதே இல்லை.

நீயோ எதையும் சேர்த்து வைக்காத ஆள். போகி வந்தால் உன் வீட்டில் தப்பிப் பிழைப்பது மனிதர்கள் மட்டும்தான். மிச்சம் இருந்த சேலைகளையும் கருமாதி முடிந்ததும் வழக்கப்படி சுருளி ஆற்றில் விட்டுவிட்டோம். பூப்போட்ட நைட்டியைக்கூட யாரோ மறக்காமல் எடுத்துக் கொடுத்தார்கள். மீதி இருப்பது உன் போன். அதுவும் எத்தனை நாளைக்கு? மச்சானின் போன் ஏற்கெனவே மருந்து டிரம்முக்குள் விழுந்து செத்தது உனக்குத் தெரியும். அதனால்தான் புத்தகம்.

யூடியூபில் பார்த்தேன். ஒரு பெண் மேசை நிறையச் சாமான்களைப் பரப்பி வைத்துக்கொண்டு பேசுகிறாள். பூ வெட்டுகிற மெஷின், முத்திரைக் கட்டை, மினுமினுப்புத் தூள், பதினெட்டு வகை டேப். எல்லாவற்றையும் ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு தேனியில் ஒரு ஸ்டேஷனரி கடைக்குப் போனேன். கடையில் ஓர் அம்மா இருந்தார்கள். சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு என் கையைப் பார்த்தார்கள். நகக்கண்ணில் கிரீஸ்.

"மொதத் தடவையா தம்பி?"

"ஆமாங்க."

"அப்ப இம்புட்டும் வாங்காதீக. பாதி பரண்லதான் கெடக்கும்."

அவர்களே எடுத்து வைத்தார்கள். கெட்டித் தாள் போட்ட ஆல்பம் ஒன்று. தைத்தது வேண்டாம், வளையம் போட்டதை வாங்குங்கள், படம் ஒட்ட ஒட்டப் புத்தகம் வயிறு உப்பும், வளையம் என்றால் தாளைக் கழற்றலாம், சேர்க்கலாம் என்றார்கள். அமிலம் இல்லாத தாளா என்று அட்டையில் பார்த்துத்தான் எடுக்க வேண்டுமாம், இல்லையென்றால் செய்தித்தாள் மாதிரி பழுத்துப் படத்தையும் கெடுத்துவிடுமாம். தண்ணீர்ப் பசை கூடாது, தாள் சுருங்கும். அதற்குப் பதிலாக இரண்டு பக்கமும் ஒட்டுகிற டேப். பிறகு படத்தின் மூலையில் மாட்டுகிற குட்டி முக்கோணங்கள், போட்டோ கார்னர் என்று பெயர். அதில் செருகினால் படத்தில் பசையே படாது, வேண்டும்போது உருவிக்கொள்ளலாம். மை ஊறாத கறுப்புப் பேனா ஒன்று, நல்ல கத்தரிக்கோல் ஒன்று, ஸ்கேல் ஒன்று. கலர் தாள் இரண்டே நிறம்.

"நெறைய நெறம் போட்டா படம் தெரியாது தம்பி, நெறந்தான் தெரியும்" என்றார்கள். பில் போடும்போது கேட்டார்கள், "யாருக்கு?"

"அக்காவுக்கு."

"பொறந்தநாளா?"

"ஆமாங்க" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. இல்லை என்றால் விளக்கம் சொல்ல வேண்டும், அதற்கு எனக்குத் தெம்பு இல்லை. பிறந்தநாள் வாழ்த்து ஸ்டிக்கர் ஒன்றைச் சும்மாவே பையில் போட்டுக் கொடுத்தார்கள். நல்லா கொண்டாடுங்க என்றார்கள். சரிங்க என்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அடுத்து பிரிண்ட். பழனிசெட்டிபட்டியில் ஒரு லேபில் உன் போனைக் கொடுத்தேன். அங்கே உட்கார்ந்து பார்க்கும்போதுதான் ஒன்று உறைத்தது. போன் முழுக்கப் படங்கள், நீ மட்டும் இல்லை. யாழினி ராட்டினத்தில், யாழினி வைகை அணையில், யாழினி முதல் நாள் யூனிஃபார்மில், திராட்சைப் பந்தலுக்கு அடியில் அவளும் மச்சானும். எல்லாம் நீ எடுத்தது. எடுக்கிறவளை யார் எடுப்பது? நாங்கள் யாரும் எடுக்கவில்லை. நீ இருந்த படங்களைத் தேடிப் பொறுக்கினால் ஒரு கைக்குள் அடங்கிவிட்டன.

"எல்லாத்துலயும் மூலைல ஒரு கறை இருக்குண்ணே. லென்ஸ்ல அழுக்கா?" என்றார் லேப்காரர்.

கறை இல்லை. உன் விரல். லென்ஸ் ஓரத்தில் ஆள்காட்டி விரலை வைக்காமல் உனக்குப் படம் எடுக்க வந்ததே இல்லை. விரலை எடுக்கா, விரலை எடுக்கா என்று நானும் கத்தி ஓய்ந்திருக்கிறேன்.

"தூக்கிரலாம்ணே. இப்பல்லாம் தொட்டாப் போதும்."

"தூக்கிருங்க" என்றேன்.

தொட்டார். விரல் இருந்த இடத்தில் வானம் வந்தது, இலை வந்தது, ராட்டினத்தின் கம்பி வந்தது. சர்வீஸ் முடித்துக் கழுவிய வண்டி மாதிரி எல்லாப் படமும் சுத்தமாகிவிட்டது. திருப்தியாகத்தான் வாங்கிக்கொண்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை சுருளிப்பட்டியில் பாயை விரித்து எல்லாவற்றையும் பரப்பினோம். அம்மாவின் பெட்டியிலிருந்து எடுத்த உன் பள்ளிக்கூடப் படமும் இருந்தது, இரட்டைச் சடை போட்டு, முறைத்துக்கொண்டு. அதற்கு வேறு பிரதி கிடையாது. மச்சான் டேப்பை எடுத்து இழுத்துப் பார்த்தார்.

"இது நிக்குமா மாப்ள?"

"நிக்கும் மச்சான்."

நம்பவில்லை. எழுந்து உள்ளே போய் அடுப்பில் எதையோ வெகுநேரம் கிண்டினார். நான் கை கழுவப் பின்கட்டுக்குப் போய்விட்டு வருவதற்குள் உன் பள்ளிக்கூடப் படத்தை ஒட்டி முடித்திருந்தார். பக்கத்தில் ஒரு பழைய சட்டி, அதில் வெளிர் நீலத்தில் கூழ்.

"என்னது மச்சான் இது?"

"மைதாவக் காச்சி, துளி துத்தம் போட்டேன். போஸ்டர் ஒட்டுறவக இதத்தான் கலக்குறாக. பூச்சி திங்காது."

திராட்சைக்கு அடிக்கிற மயில்துத்தம் அக்கா. கூழின் ஈரத்தில் தாள் அலை அலையாகச் சுருங்கியது. நீலம் ஓரத்தில் ஊறி ஏறி உன் ஒரு சடையைப் பிடித்துவிட்டது. முகம் தப்பித்தது. கூழைத் தொட்டிருந்த யாழினியை நான் முதலில் கூட்டிப்போய்ச் சோப்புப் போட்டுக் கை கழுவ வைத்தேன், விஷமில்லையா அது. திரும்பி வந்தபோது மச்சான் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"செடிக்கு இதத்தான அடிக்கிறோம். ஒரு பூச்சி அண்டுதா, ஒரு பூஞ்சாணம் அண்டுதா. இவளுக்கும் ஒண்ணும் அண்டக் கூடாதுன்னுதான் மாப்ள" என்றார். பிறகு துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

எனக்குக் கோபம் வரவில்லை, வருத்தமும் வரவில்லை. வந்திருக்க வேண்டும் என்று மட்டும் தெரிந்தது. அந்தப் பக்கத்தைக் கழற்றவேண்டாம் என்று முடிவு செய்து, வெயிலில் காயவைத்தேன்.

இதற்குள் யாழினி புதுப் பிரிண்டுகளையும் உன் போனையும் அருகருகே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாமா, இது வேற போட்டோ."

"அதே போட்டோதான் தாயி."

"இல்ல. இங்கன அம்மா வெரல் இருக்கும்ல. எங்க?"

"அது மறைச்சுச்சு. அதான் எடுத்தாச்சு."

அவள் அழவில்லை. ராட்டினப் படத்தைக் கையில் எடுத்துக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "இப்ப இதுல நான் மட்டுந்தான் இருக்கேன்" என்று சொல்லிவிட்டுக் கீழே வைத்துவிட்டாள்.

மறுநாள் பட்டறையைத் திறக்கவில்லை. பழனிசெட்டிபட்டி லேபில் போய் நின்றேன்.

"அதான் தூக்கியாச்சேண்ணே. நல்லாத்தான இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு. வெரலோட வேணும்."

ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போட்டுக் கொடுத்தார். உன் வீட்டுக்கு வரும் பஸ்ஸில் உத்தமபாளையம் தாண்டும்வரை படங்களை விட்டுவிட்டு மூலைகளை மட்டும் பார்த்துக்கொண்டு வந்தேன். எல்லா விரலும் ஒன்றில்லை அக்கா. திருவிழாப் படங்களில் மருதாணிச் சிவப்பு, கலங்கலாக. ஒன்றில் பிளாஸ்திரி. இத்தனை வருடம் உன்னைப் பார்த்ததைவிட அந்த ஒரு பயணத்தில் அதிகம் பார்த்தேன். உன்னை எடுத்துவிடச் சொன்னது நான்தான், ஒரே வார்த்தையில். அதை நினைத்தபோது மட்டும் எங்கேயோ லேசாக வலித்தது.

ஒட்டும்போது ஒரு சிக்கல். அந்தக் கடைக்கார அம்மா கொடுத்த முக்கோணங்களை நாலு மூலையிலும் மாட்டினால் உன் விரல் அதற்குள் போய்விடுகிறது. யாழினிதான் வழி சொன்னாள். மூன்று மூலைக்கு மட்டும் மாட்டுவது, விரல் இருக்கிற மூலையில் பின்பக்கம் துளி டேப். புதிதாகப் புத்தகம் தொடங்குகிற யாருக்கும் இந்த யோசனையை யூடியூபில் சொல்லித்தர மாட்டார்கள்.

கடைசிப் பக்கம் காலியாக இருந்தது. யாழினி உன் போனை எடுத்துக்கொண்டாள். "மாமா, அப்பாகிட்ட ஒட்டி நில்லுங்க" என்றாள். நின்றோம். மச்சான் கைலியை இறக்கிவிட்டுக்கொண்டார். எடுத்ததும் ஓடி வந்து காட்டினாள். மச்சானும் நானும் முறைத்துக்கொண்டு நிற்கிறோம். வலது மூலையில் வானத்தை மறைத்துக்கொண்டு சின்னதாகச் சிவப்பாக ஒன்று.

"வெரல் விழுந்துருச்சு தாயி. இன்னொன்னு எடு."

"விழல மாமா. வச்சேன். நான் எடுத்தேன்னு தெரிய வேணாமா?"

இங்கே நான் அழுதேன் என்று எழுதினால் உனக்கு ஆறுதலாக இருக்கும். அழவில்லை. போனை மச்சானிடம் கொடுத்தேன். அவர் வாங்கி, உன் மகளின் விரலை வெகுநேரம் பார்த்தார். "பிரிண்டு போட்டுட்டு வா மாப்ள" என்றார்.

அக்கா, ஒரு வாக்குத் தருகிறேன். அவள் எடுக்கிற படங்களில் எந்த மூலையையும் யாரும் துடைக்க விடமாட்டேன். வளையத்தில் தாள் தீரத் தீர வாங்கிச் சேர்ப்பேன், அவள் என்னைவிட உயரமாக வளர்ந்து போதும் மாமா என்று சொல்லும்வரை. சொல்லமாட்டாள் என்றுதான் நினைக்கிறேன்.

இப்படிக்கு,
உன்னை ஒரு படம்கூட எடுக்காத உன் தம்பி,
யாழினியின் தாய்மாமன்