மாரியின் ரத்த அட்டை

ஞாயிறு, 8
விடியற்காலையிலிருந்து மழை. இங்கே ஞாயிறும் வேலை நாள்; ஆபீசுக்கு அரை நாள் லீவு. அப்பாவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து பத்து நாள். இன்னும் அழவில்லை.
பல்கலைக்கழகத்திலிருந்து போன். அப்பா சேர்த்த ரத்த ஆராய்ச்சி அட்டைகள் முழுவதும் வேண்டுமாம். நூலகத்தில் ஓர் அறைக்கு அவர் பெயர். வியாழன் வேன் வரும். சரி என்றேன்.
வாங்க: டேப், கறிவேப்பிலை, பூனைக்கு மீன்.

திங்கள், 9
வெயில். பேப்பரில் அப்பா படம். ஒருவர் மேதை என்கிறார். இன்னொருவர், ரப்பர் தோட்டத்து ஜனங்களிடம் எதற்கென்று சொல்லாமலே ரத்தம் எடுத்தார், அவர்கள் குடிப்பது பிறவிக் குறை என்று புத்தகமும் எழுதினார் என்கிறார். இரண்டும் உண்மைதான். பேப்பர் பூனைத் தட்டுக்கு அடியில்.
பெட்டி 1, 2 கட்டியாயிற்று. மூன்றாவது மெர்போக் தோட்டம். திறக்கவில்லை. அதில் மாரி இருக்கிறார்.
இருபத்தாறு வயதில் அவரைக் கட்டிக்கொள்ள இருந்தேன். அப்பா இருவர் ரத்தத்தையும் சோதித்தார். “ரெண்டு பேரிலயும் தலசீமியா கிடக்கு. பிள்ளை பிறந்தா ரத்தம் ஏத்தி ஏத்தியே சாகும்.” ரிப்போர்ட்டைக் காட்டுங்கள் என்று நான் கேட்கவில்லை. மாரியிடம் போய், “உங்கட ரத்தம் சரியில்லையாம்” என்றேன். என்னுடையதைச் சொல்லவில்லை. கோழை.

செவ்வாய், 10
ஆபீசிலிருந்து வந்தால் வாசலில் மாரியின் அக்கா லெட்சுமி. எத்தனையோ வருடம் கழித்து.
“மவளுக்குக் கல்யாணம்மா. தாய்மாமனுக்கு ரத்தக் கோளாறுன்னு சொன்னேன், அந்தப் பேப்பரக் கொண்டாங்கன்னு கிளினிக்ல நர்ஸ் மிஸி கேக்குறாங்க.”
மாரி எப்படி என்றேன்.
“கூலிம் டவுன்ல ஃபேக்டரி வேலை. தனியாத்தான் லா இருக்கான். கெட்ட ரத்தம், எவளையும் கெடுக்க வேணாம்னு கட்டிக்கவே இல்ல.”
தேடி வைக்கிறேன், வியாழன் காலையில் வாருங்கள் என்றேன். டீயில் சீனி போட மறந்திருக்கிறேன். அவர் முழுவதும் குடித்தார்.

புதன், 11
பெட்டி 3. மாரியின் அட்டை, அப்பாவின் கையெழுத்து. நார்மல். மறு சோதனை: நார்மல்.
பின்னால் பின் குத்தி என்னுடையது. கேரியர்: நோய் இல்லை, ஆனால் கடத்துவேன். கீழே சின்ன எழுத்தில்: தகப்பன் வழி.
ஒருவருக்கு மட்டும் இருந்தால் பிள்ளைக்கு அந்த நோய் வராது. இதை எனக்குச் சொல்லித் தந்ததே அப்பாதான். தோட்டத்துப் பையன் வேண்டாம் என்று நேராகவே சொல்லியிருக்கலாம்.
கோபம் வர வேண்டும். வரவில்லை. மத்தியானம் தயிர்ச்சோறு. மீன் வாங்கவில்லை.

வியாழன், 12
தூறல். லெட்சுமி அக்கா ஒன்பதுக்கே வந்துவிட்டார். இரண்டு அட்டைகளையும் கொடுத்தேன்.
“இங்கிலீஷ்ல இருக்கு. என்னம்மா போட்டிருக்கு?”
“மாரிக்கு ஒண்டும் இல்லை அக்கா. அண்டைக்கும் இல்லை. கோளாறு எங்கட வீட்டு ரத்தத்தில.”
திட்டுவார் என்று நின்றேன். திட்டவில்லை. போனை எடுத்து நம்பரை அழுத்தி என் கையில் திணித்தார்.
“அன்னிக்கு நீங்கதானே போய்ச் சொன்னீங்க. இதையும் நீங்களே சொல்லுங்க.”
வெளியே வேன் ஹார்ன். பெட்டி 3 கிடையாது என்று சொல்லி அனுப்ப வேண்டும். போன் அடித்துக்கொண்டே இருந்தது.
“சொல்லுக்கா,” என்றார் மாரி.
அக்கா இல்லை, நான் என்றேன்.