வேலி இருந்த இடம்

வேட்டன் ஃபோர்ட், ஜார்ஜியா
20 மே 2018

அன்புத் தம்பி தெரான்,

உன் சட்டையைத் துவைத்துவிட்டேன். பைக்குள் இன்னும் பூங்கா மண்.

நீ அனுமதியில்லாமல் தோண்டிச் சிறைக்குப் போன குழியை நகராட்சி மூடிவிட்டது. கூட்டத்தில் கவுன்சிலர் ஹாலிஸ் சிரித்தார். "கழுத்தளவு தோண்டியும் குளத்து ஓடு ஒண்ணுகூட கெடைக்கல. உங்க அத்தை எதுல நீந்துனாங்க, புல்லுலயா?"

ஜூன் கடைசியில் பூங்காவை விற்கிறார்கள். வண்டி நிறுத்த. அடியில் நீச்சல்குளம் இருப்பதைக் காட்டினால் தடுக்கிறேன் என்று நீதிபதி சொன்னது மட்டும் மிச்சம்.

வெள்ளையருக்கு மட்டுமான அந்தக் குளத்தில் வெர்னீஸ் அத்தை சின்ன வயதில் வேலி ஏறிக் குதித்தாள். கறுப்பர்களோடு ஒரே தண்ணீரா என்று ஊர் குளத்தையே மண் போட்டு மூடியது. அடிமை விடுதலை நாள் விருந்தில் வருடாவருடம் அவள் பெயர் சொல்லித் தண்ணீர் ஊற்றுகிறோமே, அதே இடத்தில்தானே தோண்டினாய்? பிறகு ஏன் இல்லை?

ஞாயிறு வருகிறேன். கோபமில்லை. கொஞ்சம் இருக்கிறது.

உன் அக்கா
ரெனெட்டா

மாவட்டச் சிறை
28 மே

அன்புள்ள அக்கா,

நலம். இங்கே சோளக்கஞ்சியைச் சுவருக்குப் பூசலாம்.

நேற்று நீ கண்ணாடியில் கை வைத்தாய். போன பிறகும் ரேகை இருந்தது. உனக்கு முன்னால் வந்தவர்களின் ரேகைகளும். எல்லாம் வெளிப்பக்கம்.

அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தை குதித்த அன்று நம்மவர்கள் எங்கே நின்று பார்த்தார்கள்? வேலிக்கு வெளியே. அங்கேதான் நிற்க விட்டார்கள். அவள் இறந்தபோது, பார்த்த இடத்திலேயே நின்று தண்ணீர் ஊற்றினார்கள். வேலி போய்விட்டது. நாம் இன்னும் அதற்கு வெளியேதான் நிற்கிறோம்.

குளம் உள்ளே இருக்கிறது அக்கா. அன்று வேலிக்குள் நின்ற கருவாலி மரத்துப் பக்கம்.

நீ மண்வெட்டியைத் தொடாதே. வீட்டுக்கு ஒரு கைதி போதும்.

தெரான்

வேட்டன் ஃபோர்ட்
26 ஜூன்

அன்புத் தம்பி,

மண்வெட்டியைத் தொட்டேன். அனுமதியோடு.

விருந்துக்கு நகராட்சி தரும் சீட்டில், பன்றி சுடக் குழி தோண்டலாம் என்று எப்போதும் இருக்கும். எந்த இடத்தில் என்று இருக்காது. கறி சுடும் கிளீட்டஸ் மாமாவிடம் மரத்தடியைக் காட்டினேன்.

"அங்கயா? புகை முழுக்க பாஸ்டர் கண்ணுக்குல்ல போகும்."

"போகட்டும் மாமா."

"அப்ப சரி. எனக்கும் ரொம்ப நாள் ஆசை."

எல்லோரும் வழக்கமான இடத்தில் சொம்போடு நின்றார்கள். உன் கடிதத்தை வாசித்தேன். யாரும் அசையவில்லை. அத்தையோடு பள்ளியில் படித்த யூலா அம்மா கைத்தடியைத் தூக்கினார். "எவன் சொல்லிடி இத்தனை வருஷம் இங்கயே நின்னோம்? நகருங்க." முதலில் அவர் நடந்தார். பிறகு எல்லோரும்.

முழங்கால் ஆழத்தில் மண்வெட்டி ணங்கென்றது. சேறு அப்பிய ஏதோ ஒன்று.

"பாறை" என்றார் மாமா.

யூலா அம்மா குனிந்தார். "வெர்னீஸ்" என்று சொல்லி அதன்மேல் தண்ணீரை ஊற்றினார்.

நீலம்.

தம்பி, நீல ஓடு. ஒன்றையடுத்து ஒன்று. ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி ஊற்ற ஊற்ற, குளத்தின் விளிம்பு நீண்டுகொண்டே போனது. பாஸ்டர் அழுதார். புகை என்றார். அடுப்பை இன்னும் பற்ற வைக்கவே இல்லை.

போலீஸ்காரர் வந்து சீட்டைத் திருப்பித் திருப்பிப் படித்தார். "குழி பெருசா இருக்கே?"

"பன்னி பெருசுப்பா" என்றார் மாமா.

நேற்று நீதிபதி விற்பனையை நிறுத்திவிட்டார். முழுவதும் தோண்டிப் பார்க்க உத்தரவு. குளத்தை மறுபடி திறந்து அத்தை பெயரை வைக்கக் கேட்டிருக்கிறோம். ஹாலிஸ் இப்போது சிரிக்கவில்லை. எதிர்த்து வழக்குப் போடுவாராம். போடட்டும்.

வெள்ளிக்கிழமை நீ வெளியே வரும்போது சிறை வாசலில் நிற்பேன். துவைத்த சட்டையோடு.

ரெனெட்டா

மாவட்டச் சிறை
28 ஜூன்

அக்கா,

உன் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். பக்கத்து அறைகளில் கதவைத் தட்டினார்கள். காவலர் அதட்டினார். தட்டிக்கொண்டே இருந்தார்கள்.

எனக்கு நீந்தத் தெரியாது. உனக்கும் தெரியாது. எங்கே கற்றோம்? திறக்கிற அன்று எல்லோரும் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று தத்தளிக்கப்போகிறோம்.

வீட்டுக்கு வண்டியைத் திருப்பாதே. நேரே பூங்காவுக்கு.

துவைத்த சட்டை வேண்டாம். பழையதைக் கொண்டு வா. மண்வெட்டி இரண்டு.

உன் தம்பி
தெரான்